ஒன்றரை மணி என்று சொன்ன அறிவிப்பு

அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று நினைவில்லை. தோளில் தொங்கிய பையில் உள்ளங்கை அளவில் ஒரு ஸ்பீக்கர். கைபேசியில் இரண்டு நிமிடத்துக்கும் குறைவான ஒரு பதிவு. நான் செய்த தவறு அந்தப் பதிவில் இருந்தது. அதை அந்த வீட்டாருக்குப் போட்டுக் காட்டத்தான் போயிருந்தேன்.

அரியலூர்ப் பக்கத்து ஊர் அது. பெயர் வேண்டாம். சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு ரொம்பக் கிட்டத்தில் இருப்பதால் வேப்பமரத்து இலைகூட அங்கே வெளுத்துத்தான் இருக்கும். அந்த ஓட்டு வீட்டின் கூரையில் ஓர் இடத்தில் மட்டும் ஓடு இல்லை. நீலத் தார்ப்பாயைப் போட்டு, பறக்காமல் இருக்க நாலு கல் வைத்திருந்தார்கள். 

“யாருங்க அது?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“ரேடியோவுலேர்ந்து வரேங்க.”

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா வெளியே வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ரேடியோக்காரங்களா? எல்லாந்தான் ஆயிப்போச்சே. இன்னும் என்ன பாக்கி இருக்கு?”

அவர் மலர்க்கொடியின் மாமியார். பதினோரு நாளுக்கு முன்பு அந்தக் கூரையிலிருந்து ஓர் ஓடு சரிந்து, மலர்க்கொடியின் ஏழு மாதப் பிள்ளையின் நெற்றியில் விழுந்திருந்தது. பெற்ற தாயின் அஜாக்கிரதைதான் காரணம் என்று வீடும் ஊரும் தீர்ப்புச் சொல்லிவிட்டிருந்தன. அந்தத் தீர்ப்புக்குச் சாட்சி என் கையெழுத்து.

எப்படி என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பேசாத ரேடியோக்காரி

கல்லூரியில் படித்த சர்க்யூட்டுக்கும் கையில் பிடித்த வயருக்கும் சம்பந்தமே இல்லாமல் நான் திருதிருவென்று விழித்த கதையைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அந்த விழியோடுதான் வேலையில் சேர்ந்தேன். பெரம்பலூர் அரியலூர் சாலையில், ஒரு கட்டடத்தின் மாடியில் இயங்கிய சின்னச் சமுதாய வானொலி. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் சுற்றளவுக்குத்தான் எடுக்கும்.

வேப்பந்தட்டைப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் அது எடுக்கவே எடுக்காது. அம்மா அதை நம்பவில்லை. காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து ரேடியோவைத் திருகிக்கொண்டு உட்காருவாள்.

“எடுத்தாலும் என் குரல் வராதும்மா. பேசறவங்க குரல் ஒழுங்கா போவுதான்னு பாக்கறதுதான் எனக்கு வேலை.”

“பேசாம ரேடியோவுல என்னடி வேலை?”

நியாயமான கேள்விதான். எனக்கே அப்போது சரியாகத் தெரியாது.

எனக்கு முன்னால் இருந்த டெக்னீஷியனுக்குச் சென்னையில் ஒரு டிவியில் இடம் கிடைத்துவிட்டது. நான் சேர்ந்த மூன்றாம் நாளே பெட்டியைக் கட்டிவிட்டார். போகும்போது பஸ் பிடிக்கும் அவசரத்தில் மூன்று விஷயம் சொன்னார். டிரான்ஸ்மிட்டர் அறையின் ஏசியை நிறுத்தக் கூடாது. இடி இடித்தால் எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். மூன்றாவதை வாசற்படியில் நின்று சொன்னார்.

“பேச்சைக் கேக்காதீங்க, சத்தத்தை மட்டும் கேளுங்க. பேச்சுல மனசு போயிடுச்சுன்னா மீட்டர்ல கண்ணு இருக்காது.”

அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பயிற்சி. மீதியை இயந்திரங்களிடம் சூடுபட்டுக் கற்றுக்கொண்டேன். சூடு என்றால் உண்மையாகவே சூடு. வயர் பற்றவைக்கும் சால்டரிங் கம்பி வைத்த தழும்பு இடது கைப் பெருவிரலில் இன்னும் இருக்கிறது. ஒரு சமயம் ஒரு வாரமாக ஒலிபரப்பின் பின்னால் ‘ம்ம்’ என்று ஒரு ரீங்காரம். ஒலிகளைக் கலக்கும் மிக்சரைக் கழற்றினேன், மாட்டினேன். வயர்களை எல்லாம் மாற்றினேன். ராத்தூக்கம் போனது. கடைசியில் பார்த்தால் கீழ்த்தளத்தில் புதிதாக வைத்த தண்ணீர் மோட்டார். அதை வேறு லைனுக்கு மாற்றியதும் ரீங்காரம் போய்விட்டது. அன்று எனக்கு வந்த கர்வம் கொஞ்சநஞ்சம் இல்லை.

டிரான்ஸ்மிட்டருக்கு ஏசி, மனிதர்களுக்கு மின்விசிறி. அதனால் எங்கள் அறிவிப்பாளர் ரஹ்மத் அண்ணன் சித்திரை வெயிலில் அடிக்கடி டிரான்ஸ்மிட்டரை நலம் விசாரிக்கப் போய்விடுவார். லெப்பைக்குடிக்காட்டுக்காரர். துபாயில் ஒரு கடையில் இரண்டு வருடம் நின்று பார்த்துவிட்டு, ஒத்துவராமல் ஊருக்கே திரும்பியவர். வெல்லம் கரைகிற மாதிரி ஒரு குரல். சுற்று வட்டாரப் பெண்களுக்கு அவரை முகம் தெரியாது, குரல் தெரியும்.

ஐந்து நிமிடம் பேசிய அம்மா

இந்த இடத்தில் சிறுவாச்சூர்க் கோயிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அங்கே திங்களும் வெள்ளியும் கூட்டம் சொல்லி மாளாது. ஒரு வெள்ளிக்கிழமை நானும் ரஹ்மத் அண்ணனும் பக்தர்களிடம் பேட்டி எடுக்கப் போனோம். வெளியே போய்ச் செய்யும் முதல் ஒலிப்பதிவு எனக்கு.

நடுத்தர வயது அம்மா ஒருவர் மைக்கைப் பார்த்ததும் பேச ஆரம்பித்துவிட்டார். பேசப் பேச அழுகை. ஒரு பக்கம் மேளம், ஒரு பக்கம் நெடுஞ்சாலை ஹாரன். அவர் குரல் ஏறும்போது நான் அளவைக் குறைத்தேன், இறங்கும்போது கூட்டினேன். மேளம் மேலே விழாதபடி மைக்கைத் திருப்பினேன். ஐந்து நிமிடமும் ஒலி அளவு காட்டும் மீட்டர் ஒரு தடவைகூடச் சிவப்பைத் தொடவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ரஹ்மத் அண்ணன் பெருமூச்சு விட்டார். “பாவம்மா அந்தம்மா. என்ன ஒரு சோதனை, அல்லா.”

“ஏண்ணே, என்ன சொன்னாங்க?” என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “நீ ஹெட்போன் போட்டுக்கிட்டுத்தானே இருந்த?”

எனக்குச் சிரிப்புதான் வந்தது. தொழில் கைவந்துவிட்டது என்று பெருமையாகக்கூட இருந்தது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது கூசுகிறது.

வெடி நேரம்

சுரங்கத்தில் கல் உடைக்க வெடி வைப்பார்கள். கிட்டத்து ஊர்களில் வீடு அதிரும், பாத்திரம் உருளும், ஓடு நகரும். அதனால் வெடி நேரத்துக்கு அந்த ஊர்களில் யாரும் வீட்டுக்குள் இருப்பதில்லை. உலையை இறக்கி வைத்துவிட்டு, தூளியில் கிடக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, தெருவில் வந்து நிற்பார்கள். வெடித்து முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து சமையலைத் தொடர்வார்கள். வெளியாருக்கு விநோதமாக இருக்கும். அவர்களுக்கு அது தண்ணீர் பிடிக்கிற நேரம் மாதிரி.

சுரங்கத்தில் சங்கு ஊதுவார்கள். ஆனாலும் காற்று எதிர்த் திசையில் அடித்தால் அது காதில் விழாது. ஆகவே எங்கள் வானொலியில் தினமும் நாற்பது விநாடி அறிவிப்பு உண்டு. காலையில் சுரங்க அலுவலகத்திலிருந்து நேரத்தைச் சொல்வார்கள். ரஹ்மத் அண்ணன் பேசிப் பதிவு செய்வார். கம்ப்யூட்டரில் முதல் நாள் பதிவின் மேலேயே நான் அதைச் சேமிப்பேன். பழையது அழிந்து புதியது உட்காரும். பத்து மணியிலிருந்து மணிக்கொரு தடவை அது தானாக ஒலிக்கும். வழக்கமான வெடி நேரம் மதியம் ஒன்றரை.

அது ஐப்பசி. ஒரு வெள்ளிக்கிழமை. வானம் கருக்கலாக இருந்தது. பாறைத் துளைகளில் மருந்து நிரப்பிய பிறகு இடி இறங்கினால் ஆபத்து என்பதால் அன்று வெடி நேரத்தைப் பதினொன்றரைக்கு முன்தள்ளிவிட்டார்கள். ரஹ்மத் அண்ணன் அன்றைய சந்தை நிலவரத்தையும் புது அறிவிப்பையும் பதிவு செய்து கொடுத்துவிட்டு, மேனேஜரோடு ஜெயங்கொண்டத்தில் ஒரு பள்ளிக்கூட நிகழ்ச்சிக்குக் கிளம்பினார். நிலையத்தில் நான் ஒருத்திதான்.

சந்தை நிலவரத்தை மாற்றினேன். அறிவிப்பை மாற்றும்போது, பழையது ஏற்கெனவே அன்றைய ஒலிபரப்புப் பட்டியலில் ஏறிவிட்டதால் கம்ப்யூட்டர் அதன் மேல் சேமிக்க மறுத்தது. புதியதை வேறு பெயரில் பக்கத்தில் வைத்தேன். பட்டியலில் போய் மாற்ற வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் காற்றில் மின்சாரம் போய் வந்தது. டிரான்ஸ்மிட்டர் அணைந்துவிட்டது. ஓடிப்போய் அதைத் திரும்ப ஓடவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது மணி பத்தாக இரண்டு நிமிடம்.

பத்து மணிக்குச் சந்தை நிலவரம் ஒலித்தது. அடுத்து வெடி அறிவிப்பு. ஹெட்போன் என் காதில்தான் இருந்தது. இப்போதுதானே மின்சாரம் போய் வந்தது, கரகரப்பு வருகிறதா, ரீங்காரம் வருகிறதா என்று உன்னிப்பாகக் கேட்டேன். எதுவும் இல்லை. மீட்டரில் பச்சைக் கோடுகள் ஏறி இறங்கின. அப்பாடா என்று பதிவேட்டை எடுத்து, ‘வெடி அறிவிப்பு, நேரம் 11.30, ஒலிபரப்பானது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பதினொரு மணிக்கும் அதே.

இரண்டு தடவையும் ஒலித்தது முதல் நாள் அறிவிப்பு. இரண்டு தடவையும் ரஹ்மத் அண்ணன் ‘இன்று மதியம் ஒன்றரை மணிக்கு’ என்று என் காதுக்குள்ளேயே சொல்லியிருக்கிறார்.

என் கையெழுத்து

அன்று காற்றோடு கலந்து வந்த சங்குச் சத்தத்தைக் கேட்டவர்கள் அவசர அவசரமாகத் தெருவுக்கு வந்திருக்கிறார்கள். அந்தத் தெருவில் அன்று பத்து மணிக்கு ரேடியோ கேட்டவள் மலர்க்கொடி மட்டும்தான். ஒன்றரைக்குத்தானே என்று பிள்ளையைத் தூளியில் போட்டுவிட்டு, கொல்லையில் மோட்டார் போட்டுத் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மோட்டார் இரைச்சலில் சங்கு கேட்கவில்லை. மாமியார் வயலில் இருந்தார். வெடித்தது.

பிள்ளையை முதலில் அரியலூருக்கும் அங்கிருந்து திருச்சிக்கும் கொண்டுபோனார்கள். மூன்று நாள் ஒன்றும் சொல்ல முடியாது என்றார்கள். பிறகு கண்ணைத் திறந்து பால் குடித்தான். நெற்றியில் ஏழு தையல்.

இது எங்களுக்கு இரண்டாம் நாள் தெரிந்தது. ஊர்க்காரர்கள் சிலரும் சுரங்க அலுவலர் ஒருவரும் நிலையத்துக்கு வந்தார்கள். ரேடியோவில் ஒன்றரை என்று சொன்னதாக அந்தப் பெண் சொல்கிறாளே, உண்மையா என்று கேட்டார்கள். மேனேஜர் பதிவேட்டை எடுத்துக் காட்டினார். பதினொன்றரை. கீழே என் கையெழுத்து.

“சரியாத்தாங்க போட்டோம்,” என்று நானும் சொன்னேன். அப்போது அதை முழுக்க நம்பித்தான் சொன்னேன்.

“ஊரே வெளிய வந்து நின்னுச்சு. இந்தப் பொண்ணு மட்டும் எங்க கவனத்த வச்சிருந்துச்சோ,” என்று ஒருவர் சொல்லிக்கொண்டே படி இறங்கினார்.

நிலையத்தில் ஒலிபரப்பாகும் ஒவ்வொரு நொடியும் தனியாக ஒரு கம்ப்யூட்டரில் தானாகவே பதிவாகிக்கொண்டிருக்கும். மூன்று மாதம் இருந்துவிட்டு அழிந்துபோகும். நாலாம் நாள், அலுவலர் கேட்டால் கொடுக்கலாமே என்று அந்த வெள்ளிக்கிழமைப் பதிவை எடுத்து ஹெட்போனில் போட்டேன். முதன்முறையாக வார்த்தையைக் கேட்டேன்.  திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஒன்றரை, ஒன்றரை என்றுதான் வந்தது.

மேனேஜரிடம் அழுதுகொண்டே சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர்.

“புள்ள பொழச்சிடுச்சும்மா. ஆஸ்பத்திரிச் செலவைச் சுரங்கத்துல பாத்துக்கறாங்க. இப்ப நீ போயி கிண்டினா லைசென்ஸுக்கே வேட்டு. பேசாம இரு. மூணு மாசத்துல அதுவே அழிஞ்சுடும்.”

நான் பேசாமல் இருந்தேன். வேலை போய்விடும், போலீஸ் வரும், அப்பா தலைகுனிவார் என்ற பயம். அதைத் தவிர வேறு நல்ல காரணம் எதுவும் என்னிடம் இருக்கவில்லை. சாப்பிட்டேன், பஸ் ஏறினேன், மீட்டரைப் பார்த்தேன். ஒரு வாரம் ஓடியது.

அந்த ஊர்ப் பக்கம் போய்வந்த ரஹ்மத் அண்ணன்தான் என் மௌனத்தை உடைத்தார். அவரிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தேன்.

“அந்தப் பொண்ண அவங்கம்மா வூட்டுக்கு அனுப்பறாங்களாம். புருஷன் சிங்கப்பூர்லேர்ந்து அதுகிட்ட பேசறதே இல்லயாம், ஆத்தாகிட்ட மட்டும் பேசிட்டு வச்சிடறானாம்,” என்றார்.  “ஒன்றரைன்னு சொன்னது எங்குரலும்மா. எனக்குச் சோறு எறங்கல.”

மறுநாள் காலை ஸ்பீக்கரைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். தானும் வருவதாக அவர் சொன்னார். நான் வேண்டாம் என்றுவிட்டேன்.

இன்னொரு தடவை

“இன்னும் என்ன பாக்கி இருக்கு?” என்று கேட்ட மாமியாரிடம், “ஒண்ணு இருக்குங்கம்மா, கேளுங்க,” என்று மட்டும் சொன்னேன். ஸ்பீக்கரைக் கைபேசியோடு இணைக்கவே நேரம் பிடித்தது. அதற்குள் எதிர் வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்துவிட்டார்கள்.

ரஹ்மத் அண்ணன் குரல் அந்தத் தெருவில் ஒலித்தது. முதலில் கிழமையும் தேதியும். பிறகு அன்றைய சின்ன வெங்காய நிலவரம். அதற்கப்புறம், ‘இன்று மதியம் ஒன்றரை மணிக்கு வெடி வைக்கப்படும். பொதுமக்கள் குழந்தைகளுடன் வீட்டைவிட்டு வெளியே வந்து...’

“அன்னிக்கு ரேடியோவுல போனது இதுதாங்க. மாத்திப் போட மறந்தது நான். நோட்டுல பதினொன்றரைன்னு எழுதினதும் நான்தான். அவங்க சொன்னதுதான் உண்மை,” என்றேன். பஸ்ஸில் வரும்போது மனப்பாடம் செய்துகொண்டு வந்ததில் அவ்வளவுதான் நினைவிருந்தது.

நிலைப்படியில் மலர்க்கொடி நின்றிருந்தாள். எப்போது வந்து நின்றாள் என்று தெரியாது. என் வயதுதான் இருக்கும். இடுப்பில் பிள்ளை, நெற்றியில் கட்டோடு, தாலிக்கயிற்றைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டிருந்தான். சுவர் ஓரமாக ஒரு துணிப்பை கட்டித் தயாராக இருந்தது.

“இன்னொரு தடவ போடுங்க,” என்றாள்.

போட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. எதிர் வீட்டுப் பெண்களைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் கேட்டாள்: “உங்களுக்கு எப்பத் தெரியும் இது?”

பொய் சொல்ல ஓர் இடம் இருந்தது. “ஏழு நாளாத் தெரியுங்க,” என்றேன்.

“ஏழு நாளா.”

அவள் கத்தவில்லை. “நாலு நாளைக்கு முன்னாடி எங்கப்பா வந்துச்சு. பெத்த அப்பா. ‘நெசத்தச் சொல்லு, ரேடியோவக் கேட்டியா, இல்ல தூங்கிட்டியா’ன்னு கேட்டுச்சு. நீங்க அதுக்கு முன்ன வந்திருந்தா அந்த ஒரு வார்த்தய நான் கேட்டிருக்க மாட்டேன்.”

 மன்னிச்சிடுங்க என்று சொன்னேன். அது காற்றில் போனது. அவள் அதைக் கையில் வாங்கவில்லை. வாங்க வேண்டிய கட்டாயமும் அவளுக்கு இல்லை.

மாமியார் இதற்குள் போனை எடுத்து மகனைக் கூப்பிட்டிருந்தார்.  “தம்பி, இதக் கொஞ்சம் கேளு,” என்று போனை ஸ்பீக்கர் பக்கம் பிடித்தார். “போடும்மா,” என்றார் என்னிடம்.

மூன்றாம் தடவையும் போட்டேன். வெங்காய விலையெல்லாம் சிங்கப்பூருக்குப் போயிற்று. ஒன்றரை மணி என்றதும் மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.  மறுமுனையில் எங்கோ இயந்திரம் ஓடுவது கேட்டது. பிறகு ஓர் ஆண் குரல், “அவகிட்ட போனக் குடும்மா,” என்றது.

“தம்பி ஒங்கிட்ட பேசணுங்குது தாயி,” என்று மாமியார் உட்கார்ந்தபடியே போனை நீட்டினார்.

மலர்க்கொடி வாங்கவில்லை. பிள்ளையை ஓர் இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“அன்னிக்கே சொன்னேன்ல அத்த. அன்னிக்குச் சொன்னதுதான் இன்னிக்கும். புதுசா பேச எங்கிட்ட ஒண்ணுமில்ல.”

சொல்லிவிட்டுத் துணிப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி, பஸ் நிற்கும் பக்கமாக நடந்தாள். மாமியார் கையில் போன் நீட்டியது நீட்டியபடி இருந்தது. அதிலிருந்து அவள் கணவர் மலரு, மலரு என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.